வீரணன் ஊதிய பை

இது நடந்தது. கதை கட்டவில்லை. இத்தனை நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயமில்லை, வெட்கம்.

1984. குடித்துவிட்டு ஓட்டுவதால் நடக்கும் விபத்துகளைப் பற்றி மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் முறை சுலபம். விபத்து நடந்த இடத்துக்கு, அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்தில் போவோம். அந்த வழியாக வரும் டிரைவர்களை நிறுத்தி, ஒரு பையில் ஊதச் சொல்வோம். குடித்திருந்தால், பையின் வாயிலுள்ள கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிற ரசாயன உப்பு பச்சையாகும்; குழாயில் போட்ட கோட்டைத் தாண்டிப் பச்சையானால், அளவு மீறிவிட்டது. விபத்தில் சிக்கியவரோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு லாரி புளியமரத்தில் மோதி, டிரைவர் வீரணன் இறந்திருந்தார். ரத்தச் சோதனை முடிவு வருமுன்பே, ஆள் குடித்திருந்தார் என்று ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டேன்; அது அச்சிலும் வந்துவிட்டது. எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை. இரவு 11.40. நானும் ஜீப் ஓட்டும் காசிமாயனும் மட்டும். வரும் வழியில், சோழவந்தானில் ஒரு நண்பர் வீட்டில் நான் இரண்டு கிளாஸ் போட்டிருந்தேன். ஓட்டுவது நானில்லையே என்ற தைரியம்.

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வயலில் தவளைச் சத்தம்... சட்டென்று நின்றது.

புளியமரப் பக்கமிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நடந்து வந்தார். ஒரு காலில்தான் செருப்பு.

"நானும் ஊதுறேண்ணே."

"டிரைவருக்கு மட்டுந்தான்."

"டிரைவர்தான்."

"வண்டி எங்க?"

குழாயை வாங்கி ஊதினார். பை புடைத்தது. அதை வாங்கிய என் கை ஐஸைத் தொட்டதுபோல் விறைத்தது.

உப்பு மஞ்சளாகவே இருந்தது. காசிமாயன் பையைக் கட்டிப் பெட்டியில் வைத்தான்.

"நல்லாப் பாத்துக்கிட்டீகளா?"

"ம்."

"இப்ப நீங்க ஊதுங்க."

ஊதினேன். ஏன் ஊதினேன்... தெரியவில்லை.

பச்சை.

கோட்டைத் தாண்டியும்... பச்சை.

காசிமாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலை நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை.

தவளைகள் மறுபடி கத்தின...

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. வீரணன் ரத்தத்தில் துளி சாராயம்கூட இல்லை. அந்தக் காகிதத்தோடு பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படம். அதே ஆள்.

"குடிகாரன் பொண்டாட்டின்னு தெருவே பேசுது சார்," என்றார் அவர் மனைவி மலையம்மாள். "படிச்சவுக நீங்களே சொன்ன பெறகு, நான் சொன்னா யாரு நம்புவா?"

காகிதத்தை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஸ்டீரிங் நெஞ்சுல குத்தி, கடைசியில மூச்சே விட முடியலையாம். டாக்டர் சொன்னாரு."

அன்று மாலை பெட்டியைத் திறந்தேன். நான் ஊதிய பை சுருங்கிக் கிடந்தது.

அவருடையது அப்படியே புடைத்திருந்தது. தொட்டேன்... இன்னும் சில்லிட்டது.

அதை அவிழ்க்க இன்றுவரை எனக்குக் கை வரவில்லை.