அக்காவுக்கு ஒதுக்கிய அறை

கோவையில் புது வீடு வாங்கியதும் அக்காவுக்கென்று ஓர் அறையை ஏசியும் கட்டிலுமாகத் தயார் செய்தேன். மாமா இறந்தபின் அவள் மம்சாபுரத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அவளைக் கையோடு கூட்டிவரக் காரை எடுத்தேன். வருகிறாயா என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

விடியுமுன் கிளம்பி, பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா வாங்கிக்கொண்டு போன் போட்டேன்.

"தறியில வேலை பாக்குறவுக அம்புட்டுப் பேரும் வேன் பிடிச்சு அய்யனார் கோவிலுக்கு வந்திருக்கோம். நீயும் இங்க வந்திருலே" என்றாள்.

ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குச் சுமார் பத்து. மலையில் மழையென்றால் உள்ளே விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோவிலுக்கு ஆற்றைக் கடந்துதான் போகவேண்டும், முழங்காலளவு தண்ணீர். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கினார்கள். அக்காவின் பக்கத்துத் தறிக்காரி செல்வி என்னைப் பார்த்துக் கை நீட்டினார். "வாங்க தம்பி, பிடிச்சுக்கிடுங்க."

நான் போகவில்லை. குரங்குகள் காரின் வைப்பரைப் பிய்த்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். புதுக் கார் வேறு. கையில் ஒரு குச்சியோடு காவல் நின்றேன், மகா புத்திசாலி! அக்கரையில் அக்கா சிரிப்பது கேட்டது. மாமா போனபின் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. நான் அதைப் பார்க்கவும் இல்லை.

ஈரத் தலையோடு புளியோதரை கொண்டுவந்தவளிடம் அறையைப் பற்றிச் சொன்னேன்.

"கிரகப்பிரவேசத்துக்கு வந்தப்பவே பாத்தேன்லா? கடைக்கு இறங்குனா கேட்டுல வாட்ச்மேன் எங்க போறியன்னு கேக்காக. திரும்பி வந்தா உனக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் உள்ள விடுதாக. இங்க என்னை யாருலே கேக்கா?"

"வசதியா இருக்கலாம்க்கா."

"அடுத்த வாரம் செல்விக்கு ஆபரேசன். அவ தறி நின்னா முதலாளி வேற ஆளைப் போட்டிருவாரு. அதையும் சேத்து நான்தான் ஓட்டணும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவ ஓட்டுனா. விட்டுட்டு எப்பிடி வாரது?"

அவள் வேனில் ஏறிப்போனாள். பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொண்டாள், எல்லாருக்கும் பங்கு வைக்க. திரும்பும் வழியெல்லாம் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. எனக்கு அழுகை வந்தது.

போகிறவர்களுக்கு: சொந்தக் கார் வேண்டாம். ராஜபாளையத்தில் ஆட்டோ பிடித்துப் போங்கள். பை எதுவும் கொண்டுபோகாதீர்கள். ஆற்றில் யாராவது கை கொடுத்தால் யோசிக்காமல் இறங்கிவிடுங்கள்.

செல்விக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர் மறுபடி தறிக்கு வந்துவிட்டாராம். அந்த அறையில் நாங்கள் இப்போது துணி காயப்போடுகிறோம்.