பூச்சியம் காட்டிய தொட்டி

பதினைந்து வருடமாக ஆய்வுகூடத்தில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், பென்சில்களை நாசமாக்கினேன் என்பதுதான் நேர்மையான பதில். வெளிநாட்டு மின்வாய் வாங்க எங்களுக்கு வசதியில்லை. பென்சிலின் கரிக்குச்சியை உருவி, நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஒரு நொதியை அதன்மேல் பூசி, தண்ணீரில் நைத்திரைட் இருக்கிறதா என்று பார்க்கும் உணரி செய்தோம். மலம் கலந்த தண்ணீர் என்றால் பெரும்பாலும் நைத்திரைட் இருக்கும், மீட்டரில் எண் ஏறும். பாதிக் குச்சிகள் சொன்ன பேச்சைக் கேட்காது.

வெளியே கொண்டுபோய்ச் சோதிக்க ஓப்பநாயக்கப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தையே எடுத்துக்கொண்டேன். அக்கா அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் தரும் தொட்டி பள்ளத்தில் இருக்கிறது, கக்கூஸ்கள் மேட்டில். அவளுடைய சின்ன மகளுக்கு மாதம் தவறினாலும் வயிற்றோட்டம் தவறாது. மலை உச்சி ஊற்றிலிருந்து குழாய் வேண்டுமென்று லயத்தில் எல்லோரும் மனுக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் கெட்டது என்று எழுத்தில் காட்டினால் பார்க்கலாம் என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. எழுதிக் கொடுக்கத் தங்கச்சி இருக்கிறாள் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

போனேன். உணரி பூச்சியம் காட்டியது. போத்தலில் எடுத்துவந்து ஆய்வுகூடத்தில் நிறச் சோதனையும் செய்தேன். அதுவும் பூச்சியம். என் பென்சில் குச்சி பாடப்புத்தக முறையோடு ஒத்துப்போன சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையை அனுப்பினேன். துரை அதைக் காட்டி மனுவைத் தள்ளிவிட்டார்.

அடுத்த மாதம் அக்காவுக்கு விளக்கம் சொல்லப் போனேன். தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்றதும் அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எப்படி இருக்கும்? நீ வர்றேன்னு மொத நாளே பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ச்சு கழுவிட்டோமே. யுனிவர்சிட்டி மிஸ் வர்றாங்க, தொட்டி பாசியா கெடந்தா மானம் போயிராதா?"

பிளீச்சிங் பவுடர் நைத்திரைட்டைத் தீர்த்துக்கட்டிவிடும். முதலாம் வருட மாணவிக்குத் தெரியும். அன்று அந்த வாடை என் மூக்கிலும் ஏறியதுதான். பெரிய ஆள் யாராவது வந்தால் லயம் அப்படித்தான் மணக்கும், சின்ன வயதிலிருந்து பழகிய வாடை. இந்த முறை வந்த பெரிய ஆள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதல் அறிக்கை தவறு என்று துரைக்குக் கடிதம் எழுதினேன். அவர் கோபப்படவில்லை.

"ரெண்டுல எதை நம்புறது, மிஸ்? நாள் சொல்லுங்க, நானும் வர்றேன். என் முன்னுக்கு எடுங்க."

அவர் கேட்டது நியாயம். சிக்கல் லயத்தில்தான் வந்தது. தொட்டியைக் கழுவாமல் விடுங்கள் என்றதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தொரை வர்ற அன்னைக்கா? அசிங்கம்டி. நாங்க எப்படி அங்க நிக்கிறது?" என்றாள் அக்கா.

குழாய் வேண்டுமா வேண்டாமா என்று எரிந்து விழுந்தேன். கடைசியில் எனக்காக ஒப்புக்கொண்டார்கள்.

துரை ஆபீஸ் கிளாக்கரோடு வந்தார். பெண்கள் கொழுந்துக்குப் போகுமுன் ஓரமாக நின்றார்கள். தொட்டிச் சுவரில் பாசி வழவழவென்று படர்ந்திருந்தது. துரை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆட்கள் மாடு மாதிரி, கழுவக்கூடத் தெரியாது என்று கிளாக்கரிடம் சிங்களத்தில் சொன்னார். சிங்களம் புரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. உணரியில் எண் மளமளவென்று ஏறியது.

குழாய் வந்தது. சின்னவளுக்கு வயிறு தேறியது. அந்த அளவீடு என் கட்டுரையிலும் வந்தது, அதனால் எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. பிறகு ஒருநாள் அக்கா புதுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"நீ சொல்லித்தானே கழுவாம விட்டோம். அன்னைக்கு அவரு அப்படிச் சொன்னப்போ, நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எனக்குக் கேக்கலக்கா" என்றேன்.

கேட்டது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.