எதிரில் கன்னியப்பன் இல்லாத போட்டி

2006 காணும் பொங்கலன்று காலை ஐந்தே முக்காலுக்குத் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். முந்தின நாளே அரக்கோணத்திலிருந்து கிளம்பி, காஞ்சிபுரத்தில் ஒரு பஸ், வந்தவாசியில் ஒரு பஸ் என்று மாறி வந்து, லாட்ஜுக்கு எண்பது ரூபாய் அழுதுவிட்டுக் கொசுக்களோடு படுத்திருந்தேன். இத்தனை பாடும் கட்டுமரப் போட்டியில் தோற்பதற்காக. 2001 முதல் வரிசையாக நான்கு முறை தோற்றிருக்கிறேன். போன வருஷம், சுனாமி அலை வந்து மூன்று வாரமே ஆகியிருந்ததால், போட்டியே நடக்கவில்லை. தோற்காத அந்த ஒரு வருஷம்தான் எனக்குத் தாங்கவில்லை.

பிரம்மதேசம் தாண்டும்போது விடிந்தது. மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய வர்ணம் கொம்பில் காயாத மாடுகள் ரோட்டை மறித்து நின்றன. காணும் பொங்கலுக்குப் பாண்டிச்சேரி போகாமல் மரக்காணத்தில் என்ன வேலை என்று கண்டக்டர் கேட்டார். கட்டுமரம் ஓட்டப் போகிறேன் என்றேன். என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆறு ஐம்பதுக்கு இறங்கினேன். இரண்டரை ரூபாய்க்கு ஒரு டீ. ஏழுமலை மொபெட்டோடு காத்திருந்தான். காலேஜில் என் பெஞ்சுக்காரன். இப்போது மூன்று ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். அவன், அவனுடைய உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலு, பள்ளிக்கூட கிளார்க்கான நான் - மூவரும்தான் உப்பு அணி. எதிரணி குப்பத்து மீனவர்கள். எங்களுக்கு மரம் இரவல் கொடுப்பதும் அவர்கள்தான், எங்களைத் தோற்கடிப்பதும் அவர்கள்தான். தோற்றால் நாங்கள் ஒரு மூட்டை உப்பு தரவேண்டும். அவர்கள் தோற்றால் மீன் குழம்பு. தோற்காமலேயே நான்கு வருஷமும் குழம்பு ஊற்றியவர்கள் அவர்கள்.

கட்டுமரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட்டுவிடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டவேண்டும். அதனால் இங்கே போட்டியே கட்டுவதிலிருந்துதான் ஆரம்பம். மரங்களை வரிசையாக வைத்துக்கொள்ளலாம், விசில் ஊதும் வரை கயிற்றைத் தொடக்கூடாது. பிறகு கட்டி, இழுத்து, அலையைத் தாண்டி, அரை கிலோமீட்டரில் மிதக்கும் கொடியைச் சுற்றித் திரும்பவேண்டும். ஓர மரங்கள் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. மாற்றிப் போட்டால் நடுமரத்தோடு ஒட்டாது. ஒவ்வொரு வருஷமும் நான் மாற்றித்தான் வைப்பேன். ஒவ்வொரு வருஷமும் எதிரணித் தலைவர் கன்னியப்பன் எழுந்து வந்து, மரத்தைக் காலால் தள்ளி, "சார், அது அந்தாண்ட" என்று சொல்லிவிட்டுப் போவார். அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

மொபெட்டில் போகும்போது ஏழுமலை வழக்கம்போல வம்பளக்கவில்லை. கன்னியப்பன் இந்த முறை ஓட்டவில்லையாம். அலை வந்த அன்று அவர் தனியாக நடுக்கடலில் இருந்தார். மரம் லேசாகத் தூக்கிப் போட்டதோடு சரி. கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி சேகர் போய்விட்டான். மரத்தில் எப்போதும் அண்ணனுக்கு முன்னால் உட்காருகிறவன் அவன். அதற்குப் பிறகு கன்னியப்பன் கடலில் கால் நனைக்கவே இல்லை. பிப்ரவரியிலிருந்து ஏழுமலையின் உப்பளத்தில்தான் கூலி வேலை.

"என்னை எப்பவும் டேய் உப்புன்னுதான் கூப்பிடுவான். இப்ப மொதலாளின்றான்டா," என்றான் ஏழுமலை. வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னதால் முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

ஏழரைக்கு உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகள். மழைத்தண்ணீர் வடிந்து, உப்பு இன்னும் விளையாத சேறு. பண்டிகை நாளிலும் கன்னியப்பன் ஒருவர் மட்டும் பாத்தியை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏழுமலை வரப்பிலேயே நின்றான்.

"வா கன்னியப்பா. எங்க மரத்துல ஏற வேணாம். எங்க எதிர்ல நில்லு, போதும்."

"தேசிங்கு ஓட்டுவான் மொதலாளி. நான் கரையில நின்னு பாக்குறேன்."

தேசிங்கு அவருடைய மச்சான். நல்ல ஓட்டக்காரன். ஆனால் ஏழுமலை இத்தனை வருஷம் ஜெயிக்க ஆசைப்பட்டது தேசிங்கை அல்ல. வண்டியைத் திருப்பினான்.

பத்து மணிக்குப் போட்டி. எங்களுக்கு இந்த முறை கொடுத்தது கன்னியப்பனுடைய மரத்தையே. ஒரு வருஷமாகக் கட்டப்படாமல் கரையில் கிடந்தது. மரங்களை வழக்கம்போல நான்தான் வரிசைப்படுத்தினேன். யாராவது வந்து காலால் தள்ளுவார்கள் என்று, என்னை அறியாமலே கொஞ்சம் காத்திருந்தேன். தேசிங்கு தன் கயிற்றை எண்ணிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் தூரத்தில், காய்ந்த மணலில், கடலைப் பார்க்காமல் நின்றிருந்தார். விசில் ஊதிவிட்டது.

அலையைத் தாண்டியது வரை எங்கள் சாதனைதான். அதற்கு மேல் இருநூறு மீட்டர் போயிருப்போம். என் கால் இரண்டு மரத்துக்கு நடுவே உள்ளே இறங்கியது. இடைவெளி இருக்கக்கூடாத இடத்தில் இடைவெளி. காலை உருவினேன். கயிறு தொளதொளத்தது. அடுத்த அலையில் மரம் மரமாகப் பிரிந்து, நடுமரம் விலகிப் போக, கைக்குக் கிடைத்த மரத்தைக் கட்டிக்கொண்டு மிதந்தோம். வேலு துடுப்பை மட்டும் விடவில்லை. தேசிங்கு அணி கொடியருகே, நாங்கள் கத்தினாலும் கேட்காத தூரத்தில் இருந்தது. ஏரியில் நீச்சல் கற்றவன் நான். கடல் உப்பு மூக்கில் ஏறியதும் உண்மையாகவே பயந்தேன்.

கரையைப் பார்த்தேன். கன்னியப்பன் ஈரமணல் வரை வந்திருந்தார். அலை காலைத் தொட்டதும் பின்வாங்கினார். மறுபடி வந்தார். மறுபடி பின்வாங்கினார். அப்புறம் ஓர் அலை எனக்கும் கரைக்கும் நடுவே எழுந்து மறைத்தது. அது இறங்கியபோது கரையில் அவர் இல்லை. தண்ணீரில் ஒரு தலை வந்துகொண்டிருந்தது.

விலகிப்போன நடுமரத்தை வழியிலேயே பிடித்து, நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"டேய் உப்பு, வாயப் பொளந்துகினு பாக்காத. கயித்தப் புடிடா."

ஏழுமலை கயிற்றைப் பிடித்தான். அவன் முகமெல்லாம் தண்ணீர். கடல் தண்ணீர்தான் என்று பிறகு சாதித்தான், நான் நம்பவில்லை.

"சார், இது அந்தாண்ட. எத்தினி வருசமா சொல்றேன்," என்று என் மரத்தைப் பிடுங்கி அடுத்த பக்கம் போட்டார். மிதந்தபடியே முடிந்தவரை இறுக்கினார். ஒவ்வொருவராக ஏறினோம். அவர் பின்னால் உட்கார்ந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். முன்னால் இடம் காலியாக இருந்தது. யார் இடம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் அசையவில்லை.

"சார், நீ முன்னாடி போய் உக்காரு. மரம் தூக்குது பாரு."

போய் உட்கார்ந்தேன். கரை சேரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் துடுப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

உப்பு மூட்டையைக் கொடுத்தோம், ஐந்தாவது முறையாக. மூன்று பேருக்கு நான்கு பேர் திரும்பி வந்தது கள்ளாட்டம் என்று தேசிங்கு சண்டை பிடித்தான். குழம்பு வந்தது. வேண்டுமென்றே மாற்றி வைத்தாயா என்று ஏழுமலை என்னைத் தனியாகக் கேட்டான். அந்த அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். கன்னியப்பன் மரத்தை அவிழ்த்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குப் பாத்திக்கு வருவாரா, கடலுக்குப் போவாரா என்று யாரும் கேட்கவில்லை.

நாலே முக்கால் பஸ். ஏற்றிவிட வந்த வேலு, அடுத்த வருஷத்துக்குள் ஓர மரங்களில் இடது, வலது என்று பெயிண்டால் எழுதிவிடுகிறேன், இனிமேல் தப்பு வராது என்றான். அரக்கோணத்தில் என் ஆபீஸில் எல்லா ஃபைலிலும் அப்படித்தான் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். அங்கே எதையும் திருத்த யாரும் எழுந்து வருவதில்லை.

எழுதாதே என்றேன்.