எந்தக் கை முதலில்

கணவர் பேதுரு கண் மூடி மூன்று மாதமாகியும் பேர்ள் அழவில்லை. பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்த மனிதரை இரண்டு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவள். அது முடிந்ததும் கை ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான். நோபல் பார்க் புறநகரில் பதினெட்டு வருடம் முதியோரைப் பராமரித்த கை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவாளா என்று பராமரிப்பு ஏஜென்சி வெள்ளிக்குள் பதில் கேட்டிருந்தது. இனி இன்னொருவர் உடம்பைத் தொட முடியுமா என்பது அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை கஜீவன் அவளுக்குப் போன் எடுத்தான். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற முப்பது வயதுக்காரன். உள்ளூர் இசையமைப்பாளர் ஒருவர் பழைய நாடகமொன்றை இத்தாலி மொழியில் சிரிப்பு ஒப்பராவாக்கியிருந்தார். வீட்டில் யாருக்குத் தன்மேல் பாசம் என்று பார்க்க, வாதம் வந்தவன்போல் படுக்கிற கஞ்சக் கிழவனின் கதை. கஜீவன்தான் கிழவன்.

"அன்ரி, எனக்குச் சட்டை மாத்திற சீன் ஒண்டு இருக்கு. மனுசியா நடிக்கிற பிள்ளைக்கு ஒருக்காக் காட்டி விடுங்கோ."

பேர்ளின் தங்கை ராதா முகத்தைச் சுழித்தாள். "வருசம் திரும்பேல்லை. அதுக்குள்ள கூத்துப் பாக்கப் போறியோ?"

"பாக்கப் போகேல்லை. சட்டை போடப் போறன்."

மறுநாள் பின்னேரம் மண்டபத்து மேடையில் ஒத்திகைக்குக் கட்டில் போட்டிருந்தது. பேர்ள் கை கழுவிவிட்டு வந்தாள். கஜீவனைத் திருப்பியபோது அவன் இடுப்பைத் தூக்கிக் கொடுத்தான்.

"ஏலாத உடம்பு உதவி செய்யாது தம்பி. பாரமாக் கிட."

கிடந்தான். ஏலாத கைதான் முதலில் சட்டைக்குள் போகவேண்டும். அந்தக் கையை நுழைத்து, முதுகுப் பக்கமாகத் துணியை இழுத்தாள்.

"அன்ரி," கஜீவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான், "எனக்கு வலப்பக்கமெல்லோ ஏலாது. நீங்கள் இடக்கையைப் போட்டிட்டியள்."

மனைவியாக நடிக்கும், பொயிண்ட் குக் பக்கத்திலிருந்து வரும் தேஜஸ்வினி சிரித்தாள். "பரவாயில்ல ஆன்ட்டி, பாக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?"

"கட்டில்ல கிடக்கிறவருக்குத் தெரியும்."

பேர்ள் சட்டையைக் கழற்றி, வலக்கையிலிருந்து மறுபடி தொடங்கினாள். சூடான, பாரமான கை. வேறொரு ஆளின் கை. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சட்டை சரியாக ஏறியது. தேஜஸ்வினியையும் இரண்டு தரம் செய்யவைத்துவிட்டு, பாட்டுத் தொடங்குமுன் வெளியே வந்து ஏஜென்சியில் இருக்கும் டிலக்சிக்குப் போன் எடுத்தாள்.

"திங்கள் வாறன். ஆரெண்டாலும் பாக்கிறன். இடப்பக்கம் விழுந்தவை மட்டும் இப்ப வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்கு அன்ரி?"

"தெரியாது. எழுதி வை பிள்ளை."