ஆளுக்கொரு காது

ரெஜினாவும் அவள் கணவன் ஜெபக்குமாரும் ஒரே ஒரு ஜோடி இயர்பட்ஸை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள். வலது அவளுக்கு, இடது அவனுக்கு. கூடுவாஞ்சேரியில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்தபடியே அவள் ஒரு தண்ணீர் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்பாள். அவன் பைக்கில் பார்சல் டெலிவரி. காலையில் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்றைக் காதில் மாட்டினால், அப்புறம் படுக்கும்போதுதான் முகம் பார்ப்பது. அதுவும் பாதித் தூக்கத்தில்.

கொஞ்ச நாளாக அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். சூப்பர்வைசர் மானசா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா வீட்லேர்ந்து வேலை கிடையாது ரெஜினா. கிண்டி ஆபீசுக்கு வந்துடுங்க." கிண்டி என்றால் மறுபடியும் ரயில், மறுபடியும் நெரிசல். அப்படிப் போய் வந்துதான் அவள் இடுப்பே விட்டுப்போயிருந்தது. நினைத்தாலே அழுகை வந்தது.

அப்டேட் போட்டால் சரியாகும் என்றது போன். அதற்குத்தான் எத்தனை பிகு! இரண்டும் பெட்டிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டிலும் பாதிக்கு மேல் சார்ஜ் வேண்டும், முடியும்வரை தொடக் கூடாது. வேலை நாளில் நடக்கிற காரியமா? ராத்திரி பெட்டிக்குள் வரும்போது இரண்டிலும் சார்ஜே இருக்காது. ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் பெட்டியை ஸ்டூல்மேல் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவும். சும்மா குந்துங்க."

சும்மா குந்தி இருவருக்கும் பழக்கமில்லை. ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு அவனாகவே, "நேத்து முட்டுக்காடு பாலத்தாண்ட வண்டிய நிறுத்திட்டு தண்ணியப் பாத்துகினு நின்னேன் ரெஜி" என்றான்.

அவன் இப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று. "எதுக்கு?" என்றாள் ஆசையாக.

போன் அடித்தது. அவன் கை தன்பாட்டுக்குப் பெட்டிக்குப் போய், இடதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டது. "சொல்லுங்க சார்" என்ற பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

திரும்ப வைத்தான். மூடினான், திறந்தான், ஊதிப் பார்த்தான். இரண்டிலும் விளக்கே எரியவில்லை. அப்டேட் பாதியில் நின்றுவிட்டது என்றது போன்.

"வேணும்னு பண்ணல ரெஜி."

"தெரியும்."

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மானசாவிடம் நாளைக்கே ஆபீசுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுச் சுடிதாரைத் தேய்க்கப் போனாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் விடுகிறேன் என்று அவன் வண்டியை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டே, விட்ட பேச்சைத் தொடர்ந்தான். கேட்க வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்த கண்கள் சொக்கின. தலை அவன் முதுகில் சாய்ந்தது.

"இன்னா சொல்ற, இந்த வேலைய விட்டுடவா?" என்றான்.

"ம்" என்றாள், எதைக் கேட்டான் என்று தெரியாமலேயே.