தூளிக்குள் ஒரு மடக்குக் கத்தி

அந்த மடக்குக் கத்தியைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் அதைத் திட்டும்போது ஒருதலையாகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

சிதம்பரத்தில் ஆனித் தேருக்குப் போடுகிற தரைக்கடை ஒன்றில் வாங்கினேன். 2008 வாக்கில் இருக்கும். சாக்கு விரித்து நெயில் கட்டர், சீப்பு, டார்ச் லைட்டோடு அதையும் குவித்து வைத்திருந்தான். ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான். அப்போது நான் சிதம்பரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, கேபிள் டிவி லைன் இழுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்காகவே செய்த மாதிரி இருந்தது கத்தி. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும். மெல்லிய அலகு. கேபிளைச் சுற்றி லேசாக ஒரு கீறல் போட்டால் மேல்தோல் மட்டும் கழன்று வரும், உள்ளே செம்புக் கம்பியில் ஒரு கோடு விழாது. மடித்தால் விரல் நீளம். பையில் இருப்பதே தெரியாது. மாங்காய் நறுக்கினேன், மூட்டைக் கயிறு அறுத்தேன், நகம்கூட வெட்டினேன். இத்தனை நாள் இதில்லாமல் எப்படி இருந்தோம் என்று நினைக்க வைத்தது, கழுதை.

கெட்டது என்னவென்றால், அதற்கு லாக் கிடையாது. திறந்தால் திறந்தபடியும் மடித்தால் மடித்தபடியும் அலகை நிறுத்தி வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டை ஸ்பிரிங்தான். மலிவுச் சாமானில் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் சீக்கிரமே துருவேறிப் பிடி விட்டுவிட்டது. ஒருநாள் கீழ வீதியில் கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன், தொடையில் சுருக்கென்றது. பேன்ட் பைக்குள்ளேயே அது தானாகத் திறந்து, துணியைக் கிழித்துக்கொண்டு தோலில் இறங்கியிருந்தது. ரத்தம் கொஞ்சம்தான். 

கூட வேலை பார்த்தவன் கத்தியை வாங்கி ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

"மச்சான், இத தூக்கிப் போட்டுடு. நீ சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வீம்பு ஜாஸ்தி ஆயிற்றே, போட மனசு வரவில்லை. மேஜை மேல் கிடந்தால் அது பரமசாது, தொங்குகிற பையில் கிடந்து ஆடினால்தான் வாயைத் திறக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதன்பிறகு டூல் பைக்குள் வைத்துக்கொண்டேன். பெரும்பாலும்.

வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்குப் போவேன். வீடு கடலூர் முதுநகரில், எங்கள் வாய்க்கு ஓல்ட் டவுன், சுருக்கமாக ஓ.டி. அந்த வருஷம் அக்கா பிரசவத்துக்காகக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்தாள். பெண் குழந்தை. கையைக் காலை உதறிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை.

காரணம், அதற்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து, அதே வீட்டில் அதே கொக்கியில் கட்டிய தூளியில், பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. காலையில் பால் கொடுக்கத் தூக்கியபோது மூச்சில்லை. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார், யார் காதிலும் ஏறவில்லை. துக்கத்துக்கு வந்த குறிஞ்சிப்பாடிச் சனங்கள் அம்மாவைக் கேட்டது ஒரே கேள்விதான்.

"தூளில இரும்பு போட்டு வெச்சீங்களா இல்லியா?"

பச்சைக் குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா தலையைக் குனிந்துகொண்டு "மறந்துட்டேன்" என்றாள். பாவி சனங்கள், அத்தோடு விட்டார்களா? பேத்தியையோ பேரனையோ கையில் வைத்திருக்கும் ஒவ்வொருத்தியும் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் போனாள். அம்மா எல்லோரிடமும் அதே வார்த்தையைச் சொன்னாள்.

அதனால் இந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தூளிக்குள் கருக்கரிவாளை வைத்துவிட்டாள். அக்கா அலறினாள். "அத எடும்மா. அதும் வாயப் பாத்தாலே ஈரக்கொல நடுங்குது. வாய் தெரியாத இரும்பா ஒண்ணு வைய்யி." அம்மா வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் திங்கட்கிழமை காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு லைன் இழுக்கப் போன முதல் வீட்டின் மாடியில் ஏறி, கேபிளைச் சீவ டூல் பையில் கை விட்டால் கத்தி இல்லை. போட்டிருந்த பேன்ட்டிலும் இல்லை. ஊரில் கழற்றிப் போட்ட பேன்ட்டில் இருக்கும் என்று போன் போட்டேன்.

"மடக்குக் கத்தியா? தொவைக்கும்போது பையில இருந்துச்சுடா. நம்ம பாப்பா தூளில வெச்சிருக்கேன். மடிச்சிட்டா வாயே தெரியல, சமத்தா கெடக்கு."

"யம்மா, அத மொதல்ல எடு! அது ஆடுனா..."

லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன், சுவிட்ச் ஆஃப். அந்தக் காலத்துக் கரன்ட் கட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் அந்த ஒரு போன்தான், அதற்கும் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. தூளி என்பது என்ன? கொக்கியில் தொங்குகிற ஒரு பை. நாள் முழுக்க ஆடுகிற பை. என் தொடையில் இருந்த வடு அரிப்பெடுத்த மாதிரி இருந்தது.

வீட்டு ஓனர் கத்தக் கத்த, ஏணியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கிடைத்த தனியார் பஸ் ஊர் ஊராக நின்று ஆள் பொறுக்கியது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. என் மடியில் இருந்த டூல் பைக்குள் ஸ்குரூ டிரைவர்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசின. எத்தனை ஆட்டு ஆட்டினால் திறக்கும்? அக்கா மெதுவாக ஆட்டுவாளா, வேகமாக ஆட்டுவாளா? புதுச்சத்திரத்தில் கண்டக்டர் இறங்கி டீ குடித்தான். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே" என்றேன். "அவசரம்னா காரு வெச்சிட்டுப் போயிருக்கணும்" என்றான். ஓ.டி.க்கு முன்னால் மூக்கைப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் கம்பெனி வாடை வந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்பாடா வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வாசலிலிருந்தே தூளி தெரிந்தது. அக்கா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தூளி என் பக்கம் வந்தது, போனது. மறுபடி வந்தபோது அதன் அடியில் ஏதோ மின்னியது. கத்தியின் நுனி. தூளிச் சேலையைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் துணி கிழிந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாய் பிளந்து மூடியது.

நான் கத்தவில்லை. கத்தினால் அக்கா கயிற்றை வெடுக்கென்று இழுத்துவிடுவாள். போய் தூளியை இரண்டு கையாலும் அடியோடு தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புள்ளயத் தூக்கு" என்றேன். தூக்கினாள். ஒரு கீறல் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். திறந்த கத்தியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பயத்தில் இல்லை.

"மடிச்சிதான வெச்சேன். தானா தொறந்திருக்கு பாரு. சும்மா தொறக்குமா? ஏதோ கிட்ட வந்திருக்குடா. இதுதான் வெரட்டியிருக்கு." பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். "வேற தூளி கட்டலாம். இது உள்ள இருக்கட்டும். மடிக்க வேணாம், இப்புடியே."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினேன். பெற்றவளிடம் அப்படி நான் பேசியதில்லை. "ஸ்பிரிங் போன கத்திம்மா அது! காத்துமில்ல, கருப்புமில்ல!" கத்தியைப் பிடுங்கி மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு அக்கா என் பின்னாலேயே தெருவுக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

"கத்தியக் குடு."

"அம்மாதான் பேசுதுன்னா நீயுமா? நீ படிச்சவ."

"அந்த மொதப் புள்ளைக்கும் அம்மா இரும்பு கொண்டாந்துச்சுடா. ஒரு பழைய ஆணி. நான்தான் சிரிச்சேன். இரும்பாவது கிரும்பாவதுன்னு சொல்லி சன்னல் வழியா வீசிட்டேன்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவுங்க கேட்டப்பல்லாம் மறந்துட்டேன் மறந்துட்டேன்னு அம்மா பழிய தன் தலையில போட்டுக்கிச்சு. இன்னி வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

 டூல் பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பை எடுத்தேன். கத்தியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவில் நின்றபடியே சுற்றினேன். குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே. டேப் சுருள் தீர்கிற வரைக்கும் சுற்றினேன். அது கத்தி என்றே தெரியாத ஒரு கறுப்புக் கட்டையாக ஆனதும் அவள் கையில் வைத்தேன். புதிதாகக் கட்டிய தூளிக்குள் அக்காவே அதை வைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

2012-இல் குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தேன். அந்தக் குழந்தை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தது. மாமா பார்க்காத நேரமாக அக்கா தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்புக் கட்டையை எடுத்துக் காட்டினாள். டேப்பின் ஓரம் பிசின் கசிந்து, அழுக்கேறி இருந்தது. "இன்னுமா வெச்சிருக்க? புள்ள பெருசாயிடுச்சு. பிரிச்சித் தூக்கிப் போடு" என்றேன்.

"நீ பிரி பாப்போம்" என்று என்னிடம் நீட்டினாள்.

குழந்தை பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.