எஸ்தர் கண்டுபிடித்த என் பிழை

மணவாள நகரில் என் வீட்டுக்கு எதிர்க்கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது எஸ்தரின் கணவர் டேவிட்டிடமிருந்து அழைப்பு வந்தது. "எஸ்தர் போய்ட்டா சார்" என்றார். புற்றுநோய் என்பது பல மாதங்களாகவே நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், எஸ்தருக்காக நான் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் செய்யாமல் இருந்தேன். அவரோடு கடற்கரையில் நின்று சுறாவும் திருக்கையும் அளந்த நண்பர்களே, அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியின் ஆய்வுக்கு வருவதற்கு முன் எஸ்தர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அளவெடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தவரிடம், மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "கொழம்பு வைக்கத் தெரியும் சார். ஆனா ஒரு பொருள்ல இன்னா கோளாறுன்னு பாத்தா தெரிஞ்சிடும்" என்றார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்துப்போனது. பிற்பாடு அது என் பக்கமே திரும்பியபோது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே ஒரு குப்பத்தில் எங்களுக்கு வேலை. வலையில் வரும் சுறா, திருக்கை வகைகளை இனம் பிரித்து, அளந்து, குறித்துக்கொள்வோம். உளுவை என்பது சுறாவைப் போன்ற வாலுள்ள ஒரு திருக்கை வகை. அதன் குட்டிகளை மீனவர்கள் ஒரே கூடையில் கொட்டிவைப்பார்கள். நான் அந்தக் கூடையைப் பார்த்துத்தான் கணக்கெடுத்தேன். குட்டிகள் ஏராளமாக இருந்ததால், இந்தக் கரையோரத்தில் உளுவை நன்றாக இனம் பெருக்குகிறது என்று கட்டுரை எழுதினேன். அது அச்சில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் எஸ்தர் கூடையை விட்டுவிட்டுப் படகுக்குள்ளேயே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு குட்டி. அதன் வயிற்றைத் திருப்பிக் காட்டினார். கருவில் இருக்கும்போது ஊட்டம் தரும் மஞ்சள் பை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது கடல்ல நீந்திக்கினு இருந்த குட்டி இல்ல சார். அம்மாக்காரி வலைல மாட்டிக்கினு துடிக்கும்போது வயித்துலேர்ந்து விழுந்துருக்குது. நீங்க எண்ணுனதெல்லாம் கலைஞ்ச புள்ளைங்க."

மற்ற மீன்களைப் போல உளுவை ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. வயிற்றில் சுமந்து சில குட்டிகளை மட்டுமே ஈனும். அப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்து வந்த வம்சம். சினைத் தாய்கள் வலையில் செத்துக்கொண்டிருந்ததைத்தான் நான் பெருக்கம் என்று எழுதியிருந்தேன். படித்த எனக்கு ஒரு குட்டியையாவது திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கேடு கட்டுரையோடு நிற்கவில்லை. சினை உளுவைகளைப் பிடித்தவுடன் கடலிலேயே விட்டுவிடச் சொல்லலாமா என்று பேச மீன்வளத்துறையில் ஒரு கூட்டம் நடந்தது. குட்டிகள்தான் ஏராளமாக இருக்கின்றனவே என்று என் கட்டுரையைக் காட்டி அந்தப் பேச்சையே முடித்துவிட்டார்கள். எஸ்தர் அந்தக் குட்டியைக் காட்டியதற்குப் பிறகு நடந்த கூட்டம் அது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வுக்கான என் விண்ணப்பத்தில் முதலில் இருந்தது அந்தக் கட்டுரைதான்.

திருத்தம் எழுதி அனுப்புகிறேன் என்று எஸ்தரிடம் சொல்லியிருந்தேன். மழை முடியட்டும், பரீட்சை வேலை முடியட்டும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே போனேன். மருத்துவமனையில் பார்க்கப் போனபோதும், தான் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் அதைத்தான் கேட்டார். பாதி எழுதிவிட்டேன் என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கம்பெனில தப்பான பீஸ் வெளிய போய்ட்டா, லாரியத் திருப்பிக் கூப்டுவாங்க சார். மானம் போவுதேன்னு யாரும் உட்டுற மாட்டாங்க."

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் டேவிட் என்னைத் தனியாக அழைத்துப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசி ரெண்டு நாளும் திருத்தம் வந்துட்ச்சான்னே கேட்டுக்கினு இருந்தா சார். வந்துட்ச்சின்னு பொய் சொல்லிட்டேன். என் பேரு போட்டுக்கீறாங்களான்னு கேட்டா. போட்டுக்கீறாங்கன்னேன். இன்னா பண்றது."

ஆறுதல் சொல்லப் போன நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் திருத்தத்தை எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை அது. பிழையைக் கண்டுபிடித்தவர் எஸ்தர் என்று குறிப்பிட்டு, அவர் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் போட்டு அனுப்பினேன். ஆய்விதழிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. பெயர் இடம்பெறும் ஒவ்வொருவரும் திருத்தத்தைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டுமாம். என் இடத்தில் நான் போட்டுவிட்டேன். அதற்கு மேல் எஸ்தரின் பெயர் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் கோடு காலியாக இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் படிவம்தான்.